பத்து நாளாகப் பனி

திருவனந்தபுரம்
4-11-1951

அன்பு மகள் ராகேலுக்கு,

மாமா யோசுவா எழுதுவது. இங்கே நான் சுகம் என்று எழுதி, அடித்துவிட்டேன். நேசமணி போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவனைப் பெற்றவன், அவன் மனைவிக்கே அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை.

ஒரு யோசனை தோன்றிற்று. தவறென்றால் கிழித்துப் போட்டுவிடு. வாரத்துக்கு ஒரு சின்ன சந்தோஷமாவது நம் இருவருக்கும் கிடைக்காமலா இருக்கும்? அதை ஒருவருக்கொருவர் எழுதினால் என்ன? நானே தொடங்குகிறேன். ரேஷன் அரிசியில் இந்த வாரமும் நாற்றம். ஆனால் வியாழக்கிழமை காலையில் பொன்னம்மை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த சட்டையை, சூடு ஆறுமுன் மாட்டிக்கொண்டேன். வெளியே நல்ல மழை. முதுகில் யாரோ கை வைத்ததுபோல் இருந்தது.

அற்பமான விஷயம்தான். எழுதியிருக்க வேண்டாமோ?

உன் மாமா,
யோசுவா


போனக்காடு
14-11-1951

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்காக எழுதுகிறேன். கொழுந்து பறிக்கும் உலகம்மை முந்தானையில் முடிந்து இரண்டு கொய்யாப்பழம் கொண்டுவந்தாள். ஒன்றை அணில் கடித்திருந்தது. முகத்தைச் சுளித்தேன். "அணிலு சும்மா கடிக்குமா டீச்சர்? அதத் தின்னு பாருங்க" என்றாள். அதுதான் இனிப்பாக இருந்தது. இரண்டையும் நானே தின்றேன். தின்றபிறகு அழுகை வந்தது. அவருக்குக் கொய்யா என்றால் எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

நானும் ஒன்று கேட்கவேண்டும். மண் சரிந்து பாதை அடைந்துபோனதால் அடக்கத்துக்கு வரமுடியவில்லை என்று எழுதினீர்கள். பாதை திறந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் மகன் படுத்திருக்கும் இடத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. எப்போது வருகிறீர்கள்?

ராகேல்


திருவனந்தபுரம்
20-11-1951

அன்பு மகள் ராகேலுக்கு,

அணில் கடித்த கொய்யாவை மூன்று முறை வாசித்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஹார்மோனியம் வாசிக்க எலிசாள் என்று ஒரு புதுப் பெண். பாட்டுக்காரர்கள் ஒரு சரணம் முந்திப் போய்விட்டார்கள். அவள் நிதானமாகப் பின்னால் வந்தாள். ஆமெனுக்குத்தான் எல்லாரும் ஒன்றுசேர்ந்தார்கள். போதகரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கைக்குட்டைக்குள்.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலைசுற்றும். மழை முழுதும் விடட்டும். கிறிஸ்துமஸ் கழியட்டும். பார்க்கலாம்.

உன் மாமா,
யோசுவா


போனக்காடு
12-12-1951

மாமாவுக்கு,

இங்கே பத்து நாளாகப் பனி. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஜன்னலும் திறப்பதில்லை, கம்பளியைவிட்டு எழுவதில்லை. உலகம்மை வந்து அடுப்பு பற்றவைக்கிறாள். இந்த வாரம் எழுத எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ராகேல்


திருவனந்தபுரம்
16-12-1951

அன்பு மகள் ராகேலுக்கு,

பனியைப் போய்க் குறை சொல்கிறாயே! இங்கே டிசம்பர் மாதத்திலும் கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். பத்து நாள் பனி என்பது கொடுத்துவைத்தவர்களுக்குக் கிடைப்பது. ஜன்னலைத் திற. கம்பளியை உதறிவிட்டு விடியற்காலையில் வாசலில் போய் நில். கன்னத்தில் படட்டும். உனக்குரிய சந்தோஷம் வாசலில் வந்து நிற்கிறது. நீதான் உள்ளே விடாமல் இருக்கிறாய்.

கடைசி வாக்கியம் எனக்கே நன்றாக இருப்பதாகத் தோன்றியது. அதையே இந்த வாரத்து என் சந்தோஷமாக வைத்துக்கொள்.

உன் மாமா,
யோசுவா


திருவனந்தபுரம்
2-1-1952

ராகேல், மகளே,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. காரணம் இன்றுதான் தெரிந்தது.

சாலைக் கடைத்தெருவில் எஸ்டேட் லாரி நின்றது. டிரைவர் ஐயப்பனிடம் உன்னை விசாரித்தேன்.

"டீச்சருக்குப் பனி மாறிப்போச்சு, சாரே."

"நல்லது. வெயில் வந்துவிட்டதா?"

"வெயிலா? ஞான் டீச்சரோட பனியைப் பறஞ்ஞதாணு. நூற்றிமூணு டிகிரி! கம்பவுண்டர் மூணு தடவ வந்நு ஊசி குத்தி." என்னைச் சற்று உற்றுப் பார்த்தான். "சாருக்கு மலையாளம் அறியில்லே?"

முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் மலையாளத்தைத் தமிழாக்கிக் கொடுத்தவனிடம் கேட்டான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது இங்கே பால் கொண்டுவருகிறவளுக்குத் தெரியும். நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உன் தமிழில் அந்தச் சொற்கள் கலந்து வரும் என்பதும் எனக்குத் தெரியும். மலையாள எழுத்தில் இருந்திருந்தால் தவறியிருக்கமாட்டேன். தமிழ் எழுத்தைக் கண்டதும் தமிழாகவே வாசித்துவிட்டேன்.

நேசமணியைக் கொண்டுபோனதும் காய்ச்சல்தான். அதே வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தவளைக் குளிரில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது.

யோசுவா


போனக்காடு
7-1-1952

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் டிசம்பர் கடிதம், நான் முதல்முதலாக எழுந்து உட்கார்ந்த அன்று வந்தது. இனி உங்களுக்கு எழுதுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். காய்ச்சலை உள்ளே விடச் சொல்கிறாரே, மாமாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்றுகூட நினைத்தேன்.

நேற்று வந்த கடிதத்தைப் படித்து, இருமல் வருமட்டும் சிரித்தேன். "என்ன டீச்சர், தனியாச் சிரிக்கீங்க?" என்று உலகம்மை ஓடிவந்தாள். சொன்னேன். "நல்ல மாமனாருதான்! காச்சலுக்குக் காத்து வாங்கச் சொல்லியிருக்காரே!" என்று அடுப்பு ஊதமுடியாமல் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எழுதச் சொன்னீர்களே, எழுதிவிட்டேன்.

சொல்லைத் தப்பாக வாசித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை, மாமா. ஒன்று மட்டும் கேட்கிறேன். சரியாக வாசித்திருந்தால் வந்திருப்பீர்களா?

ராகேல்


போனக்காடு
17-1-1952

அன்பு மகள் ராகேலுக்கு,

நீ பள்ளிக்கூடம் போயிருக்கிறாய். நேற்று மாலை நான் லாரியிலிருந்து இறங்கியதுமுதல் நீ ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாய். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால், உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: வந்திருக்கமாட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், முன்பு ஒருமுறை அப்படித்தான் செய்தேன். நேசமணி போய்விட்டான் என்ற தந்தி காலை பத்து மணிக்கு வந்தது. பதினோரு மணிக்கு, இங்கே வர, விதுரா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் மணியடித்ததும் இறங்கிவிட்டேன். அவனைப் பெட்டிக்குள் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றிற்று. பாதை அடைபட்டது மறுநாள்தான். மண்சரிவு எனக்கு உதவியாக இருந்தது. உனக்குப் பொய் எழுதினேன். இரண்டரை மாதமாக உனக்குச் சந்தோஷங்களை எழுதியதெல்லாம், இதை எழுதாமல் இருப்பதற்காகவும்தான்.

காலையில் நீ போனபிறகு கல்லறைக்குப் போனேன். அங்கே வெகுநேரம் இருந்தேன். திரும்பும்போது, கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு அம்மாள் மரச்சீனிக்கிழங்கு அவித்து இறக்கினாள். "டீச்சருக்க மாமாதானே? ஒரு துண்டு தின்னுட்டுப் போங்க" என்று, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு இலையில் வைத்து நீட்டினாள். மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. காரம் மூக்கில் ஏறிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ராகேல். என் மகன் கிடக்கும் இடத்திலிருந்து நூறடி தூரத்தில் நின்றுகொண்டு. இது குற்றம் ஆகுமா என்று வேறொரு நாளாக இருந்தால் உனக்கு எழுதிக் கேட்டிருப்பேன். இன்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

லாரி நாளைக் காலை இறங்குகிறது என்று ஐயப்பன் சொன்னான். இதைப் படித்தபின் நான் அதில் போகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், போகிறேன். இன்னும் சில நாள் இருக்கலாம் என்று தோன்றினாலும் சொல்.

பதில் எழுதவேண்டாம். நான் அடுக்களையில்தான் இருக்கிறேன். சோறு வடித்துக்கொண்டிருப்பேன்.

மாமா