அண்ணன் வாயில் இன்னொருவர் குரல்

மார்ச் 3, செவ்வாய்

காலை 9.40. படத்தின் இறுதி எடிட் கைக்கு வந்துவிட்டது. ஆறு ரீல். அதில் ஹீரோவான என் அண்ணன் வாயசைக்கும் வசனங்கள் 318.

அத்தனையையும் இன்னொருவர்தான் பேசவேண்டும் என்பது தயாரிப்பாளர் முடிவு. என் முடிவும் அதுதான். அண்ணனுக்கு மட்டும் அது மண்டையில் ஏறவில்லை.

முதல் பாகத்தில் அண்ணன் இன்ஸ்பெக்டர். நகைத் திருடர்கள் நான்கு பேரை விரட்டிப் பிடித்து உள்ளே தள்ளினான். ஆறடி உடம்பு, அவன் வந்து நின்றால் வாசல் சின்னதாகிவிடும். வாயைத் திறந்தால்தான் வம்பு. மெல்லிய குரல், கொஞ்சம் உயர்ந்தால் கீச்சிடும். அதனால் டப்பிங் கலைஞர் ஒருவரை வைத்துப் பேசவைத்தார்கள். படம் ஓடியது. 'கை மேலே, கண் கீழே!' என்ற அந்த இடிமுழக்கத்தைத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். அது அண்ணன் குரல் இல்லை என்று யாருக்கும் தெரியாது. பேசியவர் பெயர் டைட்டிலில்கூட வரவில்லை.

இப்போது இரண்டாம் பாகம். அதே இன்ஸ்பெக்டர். பறிமுதல் செய்த வைரமாலையை மேலதிகாரியே அமுக்கிவிட்டுப் பழியை இவன் தலையில் போடுகிறார். வேலை போகிறது. மாலையை மீட்க, தான் பிடித்துக் கொடுத்து, இப்போது வெளியே வந்துவிட்ட அதே நான்கு பேரிடம் போய்ச் சேர்கிறான். நல்ல கதை. சவுண்ட் எடிட்டர் நான்.

அண்ணன் இயக்குநரைக் கெஞ்சி ஒரு டெஸ்ட் வாங்கியிருக்கிறான். வெள்ளிக்கிழமை. சொந்தக் குரலில் பேசிக் காட்டப்போகிறானாம். இந்தப் படத்தில் விட்டால் இனி எந்தப் படத்திலும் அவனை யாரும் பேசவிடமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய?

மார்ச் 4, புதன்

மூன்று மாதமாக அண்ணன் குளிர்ந்த தண்ணீரே குடிப்பதில்லையாம், அண்ணி சொன்னார். தண்ணீருக்கும் குரல் நாண் நீளத்துக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 6, வெள்ளி

டெஸ்ட் முடிந்தது. படுதோல்வி.

டப்பிங் அறைக்குள் மைக் முன்னால் போய் நின்றதும் அண்ணன் ஆளே மாறிவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி, தாடையை இறக்கி, தொண்டையைப் பானை மாதிரி ஆக்கிக்கொண்டு பேசினான். காலித் தகர டின்னுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு கத்துவதுபோல் இருந்தது. இயக்குநர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை, "ஒரு டீ சாப்பிட்டு வரேன்" என்று எழுந்து போனவர் வரவே இல்லை.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினான்.

"எப்படிடா?"

"மோசம்."

"கொஞ்சம் பாத்து சொல்லேன்டா."

"பாத்துதான் சொல்றேன். உன் குரல்ல அடிப்பாகமே கிடையாது. இல்லாததை நான் எங்கேருந்து கொண்டுவர? உன் குரலோட அலையைத் திரையில படம் போட்டுக் காட்டட்டுமா?"

சிரித்தான். எப்போதும் அவன்தான் சிரிப்பான். "டேய், நீ மட்டும் டாக்டரா போயிருந்தா நோயாளி எல்லாம் பயத்துலயே குணமாயிருப்பான்."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனான். நாலு மாடி.

நான் பொய் சொல்லியிருக்கணுமா? சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனோடு முடிவெட்டப் போனேன். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இரண்டு தரம் துடைத்தார். "சார், அந்த வசனம்… ஒரே ஒரு தடவை சார்." அண்ணன் மறுத்துப் பார்த்தான், விடவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டே சொன்னான்: "கை மேலே, கண் கீழே."

கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா சார்?"

"லேசா ஜலதோஷம்" என்றான் அண்ணன்.

வீட்டுக்கு வந்தால் டிவியில் முதல் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் மகளுக்கு நாலு வயது. திரையிலிருக்கும் அப்பனையும் சோபாவிலிருக்கும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் தீர்ப்பு சொன்னாள்: "அது அப்பா இல்ல. அப்பா சட்டை போட்ட மாமா."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் முகம் கழுவினான். அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மெஷின்ல போட்டு ஏதாவது பண்ண முடியாதா? எவ்வளவோ பண்றீங்களே."

முடியும் அண்ணி. கனமாக்கலாம், தாழ்த்தலாம். ஆனால் அதுவும் அவன் குரலாக இருக்காதே. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "பாக்கறேன்" என்றேன். அண்ணி அதை நம்பிவிட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

டப்பிங் கலைஞர் வந்தார். குள்ளமாக, ஒல்லியாக, கையில் ஃபிளாஸ்க்கோடு. வங்கியில் வரிசையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாயைத் திறந்தால் கண்ணாடி அதிர்கிறது. அண்ணனுக்கு நேர் எதிர்.

பைலட் ட்ராக்கைக் காதில் போடச் சொன்னார். அதாவது படப்பிடிப்பில் அண்ணன் நடிக்கும்போதே பதிவான குரல். அதைக் கேட்டு அளவு பிடித்துப் பேசிவிடுவார்கள். நாங்கள் பிறகு தூக்கிப்போட்டுவிடுவோம்.

"உங்க அண்ணனாமே?" என்றார் இடைவேளையில். "முதல் பாகத்தை என் பையன் பத்துத் தடவை பாத்துட்டான். அப்பாதான்டா பேசறேன்னு சொன்னேன். கதை விடாதீங்கப்பாங்கறான்."

நான் அண்ணன் மகள் சொன்னதைச் சொன்னேன். ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் வீட்டுல மரியாதை போச்சு" என்றார்.

மார்ச் 11, புதன்

டப்பிங் முடிந்தது. துல்லியம். ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்றாம் ரீலில் ஒரு போன் காட்சியை மட்டும் அவர் ஏழு தரம் பேசினார், திருப்தியில்லாமலே கிளம்பினார். எனக்கு ஏழுமே சரியாகத்தான் பட்டது.

மார்ச் 13, வெள்ளி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

காலையில் இயக்குநரும் தயாரிப்பாளரும் மொத்தப் படத்தையும் பார்க்க வந்தார்கள். உதடும் குரலும் ஒட்டுகிறதா என்று நேற்று சோதித்தபோது டப்பிங் ட்ராக்கை மியூட் செய்துவிட்டு, பைலட்டைத் திறந்து வைத்தேன். முதல் இரண்டு ரீலில் பழையபடி மாற்றிவிட்டேன். மூன்றாவதில் மறந்துவிட்டேன். இப்படி ஒரு தப்பைப் படிக்க வந்த முதல் வாரத்தில்கூடச் செய்ததில்லை.

மூன்றாம் ரீல். இன்ஸ்பெக்டர் சீருடையை மடித்துப் பையில் வைக்கிறான். படியேறித் திருடர்கள் இருக்கும் அறைக்குப் போகிறான். திருடர் கூட்டத்துத் தலைவி கேட்கிறாள்: "இங்க எதுக்கு வந்தே?" அவன் சொல்கிறான்: "வேற எங்க போறதுன்னு தெரியல."

அண்ணன் குரல்! பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல், எங்கேயோ யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.

பாய்ந்து போய் பட்டனில் கை வைத்தேன். இயக்குநர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்."

ரீல் முடியும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

"ஆளே மாறிட்ட மாதிரி இருக்கே" என்றார் தயாரிப்பாளர்.

"அதான் சார் கதை! யூனிஃபார்ம்ல இருக்கறவரைக்கும் போலீஸ் குரல். கழட்டி வச்சதும் இவன் குரல். திருடங்ககிட்ட வந்துதான் மனுஷன் முதல் தடவையா சொந்தமா பேசறான்."

"ஜனங்க சிரிச்சா?"

செவ்வாய்க்கிழமை தன் ஆபீஸ் ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவதாகத் தயாரிப்பாளர் சொன்னார். அவர்கள் சிரித்தால் பேச்சே கிடையாது, பழையபடி டப்பிங் குரல்தான்.

அண்ணனைக் கூப்பிட்டு மறுபடி பேசவைக்கலாமா என்றேன். வேண்டாம் என்றார் இயக்குநர். மைக் முன்னால் நின்றால் மறுபடி பானைத் தொண்டைதான் வரும். பைலட்டையே சுத்தம் செய்யவேண்டும். அதுவரை அண்ணனுக்கு ஒரு வார்த்தை தெரியக்கூடாது. ஆசை காட்டி மோசம் செய்வதுபோல் ஆகிவிடும்.

மூன்றே நாள்.

மார்ச் 14, சனி

ஜெனரேட்டர் இரைச்சலை உரித்து எடுக்கிறேன். அழுத்தி எடுத்தால் குரலும் கூடவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு சொல்லாகப் போகவேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

மார்ச் 15, ஞாயிறு

இரைச்சலின் மாதிரி வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு டேக்கையும் கிளாப் அடிப்பதற்கு முன்னாலிருந்தே கேட்டேன். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. ஆனாலும் பேசுவார்கள், மைக் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

போன் காட்சி, டேக் இரண்டு. அண்ணன் ஒலிப்பதிவாளரிடம்: "அண்ணே, மைக் சட்டையில உரசுதா பாத்துக்குங்க. இது என் தம்பிகிட்ட போகும். அவன் ரொம்பக் கறார்."

டேக் மூன்று: "ஒரு நிமிஷம். செருப்பு சத்தம் கேக்குதோ? கழட்டிடறேன். பின்னாடி அவன்தான் உக்காந்து எடுக்கணும், பாவம்."

டேக் ஐந்து. தனக்குத்தானே, வாய்க்குள்: "மெதுவா. மெதுவா பேசு. தம்பி கேப்பான்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். படம் முழுக்க இவன் எனக்குத்தான் பேசியிருக்கான். நான் என்னடான்னா திரையில படம் போட்டுக் காட்டவான்னு கேட்டிருக்கேன். என்ன ஜென்மம்டா நீ?

திரும்பி வந்து அந்த டேக் ஐந்தையே போட்டேன். திருடர்களின் அறையிலிருந்து மனைவிக்குப் போன் செய்து, ட்யூட்டியில் இருப்பதாகச் சொல்லும் இடம். "சாப்ட்டியா?" என்று கேட்பதற்கு முன் ஒரு சின்ன மூச்சு இழுக்கிறான். அவ்வளவுதான். அதிலேயே பொய் முழுக்க இருக்கிறது. டப்பிங் கலைஞர் ஏழு தரம் தேடியது இதைத்தான்.

மார்ச் 17, செவ்வாய்

தயாரிப்பாளர் தன் டிரைவர் உட்பட எட்டுப் பேரைக் கூட்டிவந்தார். எதுவும் சொல்லாமல் உட்காரவைத்தார்.

படியேறும் காட்சி. "வேற எங்க போறதுன்னு தெரியல." கணக்கர் களுக்கென்று சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும். தயாரிப்பாளர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தாயா என்பதுபோல.

போன் காட்சி வந்தது. "சாப்ட்டியா?" யாரும் அசையவில்லை. கணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

விளக்குப் போட்டதும் தயாரிப்பாளர் தன் டிரைவரைக் கேட்டார்: "எப்படிப்பா?"

"பாவம் சார் அந்த ஆளு. அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்ல?"

"அதை விடு. குரல் எப்படி?"

"எந்தக் குரல் சார்?"

தயாரிப்பாளர் எழுந்தார். "சரி, வண்டியை எடு" என்றார். வாசலில் நின்று எங்களிடம்: "அப்படியே வச்சுத் தொலைங்க."

இயக்குநர் என் முதுகில் அறைந்தார். இன்னும் எரிகிறது.

டப்பிங் கலைஞருக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு ரீல் மட்டும்தான் இனி அவருடையது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன்.

"அப்போ மிச்சப் படத்துக்கு எனக்கு லீவு" என்று சிரித்தார். அப்புறம் ஃபிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. "வருத்தம் இல்லேன்னு சொன்னா பொய். ஆனா அந்த போன் சீன் அவரோடதுதான் தம்பி. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

மார்ச் 18, புதன்

காலை. இயக்குநர் அனுமதி கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு நானே சொல்லலாம். செய்யவேண்டியவை:

1. மூன்றாம் ரீல் படிக்கட்டிலிருந்து கடைசிவரை பைலட்டைச் சுத்தம் செய்து முடிப்பது. மூச்சு ஒன்றைக்கூடத் தொடக்கூடாது.

2. டப்பிங் கலைஞர் பெயர் டைட்டிலில், அண்ணன் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில். இயக்குநர் சரி என்றிருக்கிறார். எழுத்துப் போடுகிறவன் பக்கத்தில் நானே உட்கார்ந்து பார்ப்பது.

3. கிளாப்புக்கு முந்தைய பேச்சுகளைத் தனியாக வெட்டி வைத்துக்கொள்வது. எனக்கு மட்டும்.

4. அண்ணனிடம் போனில் சொல்லக்கூடாது. நேரில் போவது.

5. சொல்லும்போது என் குரல் ஒழுங்காக இருக்கவேண்டும். போகிற வழியில் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வது.