வியாழக்கிழமைப் பக்கம்

மார்ச் 10, திங்கள்

முப்பத்தெட்டாவது நாள். என்னாலேயே நம்ப முடியவில்லை. வருடா வருடம் ஒரு வாரத்தில் செத்துப்போகும் டைரி, இந்த முறை பிப்ரவரி ஒன்றாம் தேதி ஆரம்பித்து இதுவரை வந்திருக்கிறது.

எல்லாம் வானொலி செய்த வேலை. மருந்துக் கிடங்கில் என்னோடு வேலை பார்ப்பவன். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோல் பேசுவான், அதனால் அந்தப் பெயர். "நல்லா எழுதணும்னு உட்காராத. நாலு வரி எழுது, காலண்டர்ல ஒரு டிக் போடு. நூறு டிக் விழுந்துட்டா, அப்புறம் நீ விட்டாலும் அது உன்னை விடாது" என்றான். நூறு நாள் முடித்தால் ஒரு நல்ல பேனா வாங்கித் தருவதாகப் பந்தயம். பேனாவுக்காக இல்லை. இந்த ஜென்மத்தில் ஒரு காரியத்தையாவது பாதியில் விடாமல் முடித்தோம் என்று இருக்கட்டும். ஊரில் அக்காவோடு இருக்கும் அம்மாகூடப் போன வாரம் போனில் கேட்டாள், "இன்னிக்கு எழுதிட்டியாடா?" என்று. வீட்டுப்பாடம் கேட்ட அதே குரல்.

மார்ச் 11, செவ்வாய்

கிடங்கில் ஆண்டுச் சரக்கு எண்ணிக்கை. நாள் முழுக்கக் குளிர் அறையில். விரல் மரத்துவிட்டது.

மார்ச் 12, புதன்

எண்ணிக்கை தொடர்கிறது. கணக்கில் இரண்டு பெட்டி உதைக்கிறது. வானொலிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கிடங்கே நிம்மதியாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

எண்ணிக்கை முடிந்தது. இரவு எட்டு மணிக்கு அம்மாவிடம் பேசினேன். சாப்பிட்டாகிவிட்டது, சளி பரவாயில்லை என்றாள். குரல் தெளிவாக இருந்தது. நாற்பத்தொன்றாவது டிக்.

மார்ச் 14, வெள்ளி

அம்மா விழுந்துவிட்டாள். அக்கா போன் செய்தாள். பஸ்ஸில் இருக்கிறேன்.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரி வராந்தா.

பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. கண் மட்டும் எங்கள் பின்னாலேயே வருகிறது. அக்கா வியாழன் மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பியிருக்கிறாள். வெள்ளி காலை வந்து கதவைத் திறந்தால், அம்மா கூடத்துத் தரையில். பக்கத்தில் போன், சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்ததாம்.

அம்மாவுக்கு மாத்திரை மாற்றியது எந்தத் தேதி என்று டாக்டர் கேட்டார். "நீதான் தினமும் எழுதுறியே" என்று அக்கா இந்த நோட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் புரட்டினாள். வியாழக்கிழமைப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அப்படியே என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எட்டு மணிக்குப் பேசினியாடா? நல்லா பேசினாளா? நான் கிளம்பினதுமே விழுந்துட்டாளோ, மத்தியானத்துலேர்ந்து தனியா கெடந்தாளோன்னு செத்துக்கிட்டு இருந்தேன்டா. என் வயித்துல பாலை வார்த்த."

நோட்டை வாங்கி மூடினேன். எட்டு மணிக்கு நான் அம்மாவிடம் பேசவே இல்லை.

செவ்வாய், புதன், வியாழன் — மூன்று பக்கத்தையும் வெள்ளிக்கிழமை காலை, கிடங்கில் டீ குடித்துக்கொண்டே, ஒரே மூச்சில் எழுதினேன். டிக் விட்டுப்போகக் கூடாதே என்று. சந்தேகம் வராமலிருக்க ஒரு பக்கத்துக்குக் கறுப்புப் பேனா வேறு. யாருக்குச் சந்தேகம் வரும்? யாரை ஏமாற்றப் பார்த்தேன்? குளிர்ப்பெட்டி வெப்பநிலை அட்டவணையையும் இப்படித்தான் மாதக் கடைசியில் நிரப்புகிறோம் — நாலு, நாலு, அஞ்சு, நாலு. கைக்குப் பழகிய வேலை.

நடந்தது இது. குளிர் அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. வியாழன் மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். நாலு இருபதுக்கு அம்மா கூப்பிட்டிருந்தாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். எட்டு மணிக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

நாலு இருபதுக்கு எதற்குக் கூப்பிட்டாள்? விழுவதற்கு முன்பா, விழுந்த பிறகா? ஐயோ.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா எல்லோரிடமும் எட்டு மணி, எட்டு மணி என்கிறாள். கேஸ் ஷீட்டிலும் அதுதான் ஏறியிருக்கிறது. நான் எழுதிய பொய் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. காலை முழுக்க, சொல்ல வேண்டாம், அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்காகவா, எனக்காகவா?

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். "யூரின் ரொம்பக் கறுப்பா போகுது. நைட்டு விழுந்தவங்களுக்கு இந்த அளவு இருக்காதே. ஒரே பக்கமா ரொம்ப நேரம் அழுந்திக் கெடந்தா, தசை சிதைஞ்சு கிட்னியைத் தாக்கும். எட்டு மணி நிச்சயமா?"

"நிச்சயம் டாக்டர். என் தம்பிகிட்ட பேசியிருக்காங்க" என்றாள் அக்கா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல டாக்டர். நான் பேசல. அதைச் சும்மா எழுதினேன். நாலு இருபதுக்கு ஒரு மிஸ்டு கால் வந்துச்சு. அதுக்கப்புறம் எதுவும் தெரியாது."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எட்டு மணியை அடித்துவிட்டு, கிட்னி டாக்டரைக் கூப்பிடச் சொல்லி நர்ஸை அனுப்பினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"அப்ப, மத்தியானத்துலேர்ந்தா?"

நான் பக்கத்தில் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "பொய் எழுதுறதுக்கு எதுக்குடா ஒரு நோட்டு?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 20, வியாழன்

கிட்னி தப்பித்துவிட்டது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அக்காவும் அதைக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், அம்மா என்னென்ன சத்தம் எழுப்புகிறாள் என்று தினமும் குறித்து வைக்கும்படி என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். அக்கா குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அவன்கிட்ட குடுக்காதீங்க. அவன் கேட்காததையும் எழுதுவான்."

நியாயம்தான். ஆனாலும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பஸ் பிடித்து என் அறைக்கு வந்ததும் காலண்டரைக் கிழித்துப் போட்டேன். எழுதின லட்சணம் போதும்.

ஏப்ரல் 2, புதன்

பன்னிரண்டு நாள் எழுதவில்லை. அந்தப் பக்கங்கள் காலியாகவே இருக்கட்டும்.

ஏன் மறுபடி எடுத்தேன் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நாலு இருபது, நாலு இருபது என்று மண்டைக்குள் அதுவே ஓடுகிறது. எழுதினால் அரை மணி நேரமாவது அது நிற்கிறது. அவ்வளவுதான். வேறு லட்சியம் ஒன்றும் இல்லை.

கிடங்கில் வெப்பநிலை அட்டவணையில் நேற்றைய கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வானொலி எட்டிப் பார்த்து அதிர்ந்துபோனான். "யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ள வைங்கப்பா" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு எத்தனையாவது நாள்?" என்று மெல்லக் கேட்டான். ஒன்று என்றேன்.

ஏப்ரல் 5, சனி

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. தூக்கி உட்கார வைக்கும்போது அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம். அப்போதும் பேச்சில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

மதியம் அக்கா போன் செய்தாள். இருபத்து நாலு நாளில் முதல் தடவை. அவள் பெயரைத் திரையில் பார்த்ததும், அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"டேய், அம்மா பேசிட்டாடா. மாத்திரை வேணாம்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டா. நானும் விடல. 'போடி'ன்னா. தெளிவா."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் போனை வைக்கவில்லை.

"அந்த நோட்டு வெச்சிருக்கியா?" என்றாள்.

"இருக்கு."

"எழுதிக்கோ. பன்னெண்டே காலுக்கு."

மதியம் 12.15. அம்மா 'போடி' என்றாள். நான் கேட்கவில்லை. அக்கா சொன்னாள்.