என்ர கைக்கு அடங்காத துவக்கு

மொன்றியல்
14.10.2006

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கட இருமல் நிண்டிட்டுதோ?

வங்கிக் காசு ஏத்துற வாகனத்துக்குக் காவல் போற வேலை எண்டு சொன்னனான்தானே. நேற்று அதுக்குச் சுடுற சோதினை. பெரிய பிஸ்ரல் ஒண்டைத் தந்தாங்கள். என்ர விரல் விசைக்குச் சரியா எட்டேல்லை. குண்டெல்லாம் இடப்பக்கம் போச்சுது. "உன்ர கை சின்னன், இந்த வேலை சரிவராது" எண்டான் பயிற்சி தாறவன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ர கை அளவாத்தான் இருக்கு, உங்கட துவக்குத்தான் பெரிசு" எண்டு கத்திப்போட்டன். பேந்துதான் அலுமாரியைத் திறந்து மெல்லிய பிடியுள்ள ஒண்டை எடுத்தான். முதலே இருந்திருக்கு, அறுவான்! அதில பாஸ் பண்ணீட்டன்.

இடுப்பில கட்டுற உறையும் ஆம்பிளையளின்ர அளவுதான். வாகனத்தில இருக்கேக்க எலும்பில உரஞ்சிப் புண்ணாப்போச்சு. அதுக்குக் கீழ மடிச்சு வைக்க, நீங்கள் வீட்டில உடுக்கிற பழைய சாரம் ஒண்டு அனுப்புங்கோ.

வேலைக்கு நேரமாச்சு. சாரத்தைத் தோய்க்காமல் அனுப்புங்கோ. ஏனெண்டு கேக்காதேங்கோ.

ஜெசிந்தா