சுங்கமும் சுரங்கமும்

ஜனவரி 13

கேன்டீன் வரிசைக் கயிறுகளை நான்தான் மாற்றிக் கட்டினேன். வரிசை வட்டமாகிவிட்டது. நாற்பது பேர் பன்னிரண்டு நிமிடம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு சுற்றினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. டேனிஷ்காரர்களுக்கு வரிசை இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம்.

பள்ளி முதல்வர் சிரிக்கவில்லை. “மைக்கன், இது எழுத்துல குடுக்குற எச்சரிக்கை. இந்த வருஷம் ஒரே ஒரு பாடத்துல தவறினாலும் ஜூன்ல உனக்குத் தொப்பி கிடையாது.”

பள்ளிப் படிப்பை முடிப்பவர்களுக்கு இங்கே வெள்ளைத் தொப்பி. அது இல்லையென்றால் லாரியும் இல்லை. வகுப்பு முழுக்க லாரியில் ஏறி வீடு வீடாகப் போய்க் கத்தும். நான் சாலையோரம் நின்று கையசைக்க வேண்டும். அப்பா ஏற்கெனவே அத்தனை பேருக்கும் விருந்து சொல்லிவிட்டார்.

ஜனவரி 16

ஆபத்து வரலாற்றில்தான். ஆண்டு மதிப்பெண் முழுவதும் ஒரே கட்டுரைக்கு. தலைப்பு: வடக்கின் இரு பேரரசுகள், நானூறு ஆண்டுப் பொருளாதாரம், ஓர் ஒப்பீடு. நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் ஸ்வீடன் பள்ளியோடு சேர்ந்து செய்ய வேண்டுமாம். அங்கே ஒருவர், இங்கே ஒருவர். அவரவர் நாட்டை அவரவர் எழுத வேண்டும்.

என் ஜோடி டோர்கெல். ஒல்லி. கப்பலில் இருபது நிமிடம் வந்து, ஐந்து நிமிடம் முன்னதாகவே நிற்பவன். அவன் ஸ்வீடிஷ் பேசுகிறான், நான் டேனிஷ். பாதி புரிகிறது, மீதிக்கு மரியாதையாகத் தலையாட்டுகிறோம்.

“உங்களுக்கு என்னடா, செம்பும் இரும்பும் தோண்டினீங்க. சுரங்கம். எங்களுக்குச் சுங்கம். நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் குறையுது,” என்றேன்.

குறித்துக்கொண்டான். நிஜமாகவே நோட்டில்.

ஜனவரி 22

அருமையான யோசனை வந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் நீரிணையைக் கடக்கும் ஒவ்வொரு கப்பலும் எங்கள் கோட்டை முன்னால் நின்று சுங்கம் கட்ட வேண்டும். சரக்கின் மதிப்பை மாலுமியே சொல்லலாம், யாரும் சோதிக்க மாட்டார்கள். ஆனால் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ள அரசருக்கு உரிமை உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போச்சு. யார் கண்டுபிடித்தாரோ, அவர் காலில் விழலாம்.

கேன்டீனுக்கும் விளையாட்டு அறைக்கும் நடுவே உள்ள குறுகலான நடையில் ஒரு மேசை போட்டேன். பையில் இருப்பதன் மதிப்பைச் சொல். நூறு க்ரோனர் மதிப்புக்கு ஓர் உப்பு அதிமதுர மிட்டாய் சுங்கம்.

வரலாற்று ஆசிரியர் ப்ரேபென் பார்த்துவிட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். “செயல்முறை விளக்கம்னு எழுதிக்கிறேன். ஆனா மிட்டாய் மட்டும்தான், காசு வாங்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு இரண்டு மிட்டாய் கட்டிப் போனார்.

ஜனவரி 23

ஒருவன் புத்தம்புது ஹெட்போனுக்கு ஐந்து க்ரோனர் என்றான். நாணயத்தை வைத்தேன், ஹெட்போனை எடுத்தேன். கெஞ்சினான். மாலையில் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மொத்தப் பள்ளிக்கூடமும் அரிச்சந்திரன்.

பிப்ரவரி 4

மிட்டாயில் மூன்று ஜாடி நிரம்பிவிட்டது. கட்டுரையில் தலைப்பு எழுதியாச்சு.

பிப்ரவரி 11

ஐந்து ஜாடி. தலைப்புக்கு அடிக்கோடு போட்டாச்சு.

பிப்ரவரி 20

டோர்கெல் ஒரு பழுப்புக் கோப்போடு வந்தான். அவன் பங்கு: முப்பத்தொரு பக்கம், வரைபடங்களோடு. நடையில் நிறுத்தினேன்.

“சரக்கோட மதிப்பு?”

“இதுக்கா? அப்படி ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு பத்து க்ரோனர் பெறும்.”

ஸ்வீடன்காரனைத் தவிர வேறு யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். தன் பொருளைத் தானே புகழ்வது அங்கே எச்சில் துப்புவது மாதிரி. நான் விளிம்பில் கீறல் விழுந்த ஒரு பத்து க்ரோனர் நாணயத்தை மேசையில் வைத்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவன் கோப்பை வைத்துவிட்டு நாணயத்தை எடுத்தான். பிறகு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மாலையில் கூப்பிட்டேன். “டேய், விளையாட்டுக்குத்தான். கணினியில வெச்சிருப்பேல்ல?”

“கப்பல்லயே அழிச்சிட்டேன்.”

“என்னது!”

“வித்த பொருளோட நகலை வெச்சுக்கிறது தப்பில்லையா?”

கோபமா, கிண்டலா? தெரியவில்லை. அவன் குரலில் இரண்டும் ஒரே சுருதிதான்.

பிப்ரவரி 21

நிலவரம். சமர்ப்பிக்க வேண்டிய நாள் 27. என்னிடம் இருப்பது முப்பத்தொரு பக்கம், விதிப்படி எனக்கே சொந்தம். அட்டையில் மட்டும் அவன் பெயர். அட்டையை மாற்ற ஒரு நிமிடம் ஆகும். இது ஸ்வீடன் ஆச்சே என்று கேட்டால், நாட்டை மாற்றிக்கொண்டோம் என்று சொல்லிவிடலாம். தொப்பி நிச்சயம்.

அவன் கதி? அவன் விற்றான், நான் வாங்கினேன். யார் மேல் தப்பு?

சரி, யாரைக் கேட்கிறேன்?

பிப்ரவரி 22

திருடுவதென்றாலும் படித்துவிட்டுத் திருட வேண்டுமே. படித்தேன்.

நன்றாக எழுதியிருக்கிறான், பாவி. செம்பை விற்ற காசைப் போரில் கரைத்தது. பிறகு ஜனங்கள் பசியில் கப்பலேறி அமெரிக்கா போனது. பிறகுதான் மரம், உருக்கு, இயந்திரம். சொந்த ஊர்ப் பெருமை ஒரு வரி இல்லை. பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: “சுங்கத்தைப் பற்றி நான் எழுதவில்லை. மைக்கன் எழுதுவாள். அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.”

மேசை மேல் ஏழு ஜாடி. ஒரு மாதம் உட்கார்ந்தே சம்பாதித்தது. எழுதியது ஒரு தலைப்பு, ஓர் அடிக்கோடு.

ச்சே.

பிப்ரவரி 23

மேசையை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். கடையைக் கட்டியாச்சு என்றேன்.

பிப்ரவரி 26

இரண்டே பக்கம் வந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

நானூறு வருடம் அரசர் பீரங்கியோடு உட்கார்ந்தார். கப்பல்கள் வந்தன, கட்டின, போயின. காத்திருந்த கப்பல்களுக்குச் சோறும் பீரும் விற்றே எங்கள் ஊர் ஹெல்சிங்கோர் பிழைத்தது. 1857-இல் சுங்கம் நின்றது. இருபத்தைந்து வருடம் ஊர் கையைப் பிசைந்தது. 1882-இல் இங்கே கப்பல் கட்டும் தளம் வந்தது. அதே வருடம் நாட்டின் இன்னொரு மூலையில் விவசாயிகள் சேர்ந்து முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கினார்கள். இன்று இரண்டு நாடும் ஏறக்குறைய ஒரே உயரம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவுதான்.

கடைசி வரியாக, ஏழு ஜாடியையும் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 27

இரண்டு வகுப்பும் கூடியிருந்தன. கோப்பை டோர்கெலிடம் நீட்டினேன். அட்டையில் அவன் பெயர் அப்படியே.

“சும்மா வாங்க மாட்டேன். உன் சரக்கு. மதிப்பைச் சொல்லு,” என்றான்.

“பத்து க்ரோனர்.”

பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தான். நான் கொடுத்ததேதான், விளிம்பில் அதே கீறல். “வாங்கிக்கிறேன்.” அப்போதுதான் சிரித்தான். ஒரு வாரமாகப் பயலுக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் போலிருக்கிறது!

அவனுக்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது.

பிறகு ப்ரேபென் என் பக்கம் திரும்பினார். “உன் ரெண்டு பக்கத்துக்கு நீயே என்ன மதிப்பெண் போடுவ?”

நான்கு கிடைக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் அடக்கமாகச் சொன்னால் ஏற்றிப் போடுவார் என்று கணக்குப் பண்ணி, “ரெண்டு,” என்றேன். தேறுவதற்கு அதுதான் கடைசிப் படி.

“நான் ஏழு போடலாம்னு இருந்தேன்,” என்றார். “பரவால்ல. சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்.”

இரண்டு வகுப்பும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தன. டோர்கெலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 26

லாரி எங்கள் வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்றது. அப்பா விருந்தோடு ஏழு ஜாடியையும் வைத்தார். லாரி கிளம்புவதற்குள் காலி.

தொப்பியின் உள்துணியில் எல்லோரும் எழுதினார்கள். டோர்கெல் கடைசிக் கப்பலுக்கு முந்தின கப்பலில் வந்து, ஓரமாக எழுதிவிட்டுப் போனான். “மதிப்பு:” என்று மட்டும். பக்கத்தில் ஒரு கோடு, காலியாக.

நீயே நிரப்பிக்கோ என்றான்.

இன்னும் நிரப்பவில்லை. குறைத்துச் சொன்னால் வாங்கிவிடுவான்.