ஓவியத்தில் நம் அம்மா

செல்லத் தங்கைக்கு,

நம் பள்ளியில் பிள்ளைகள் ஊருக்கு உழைத்தவர்களை வரைந்து மாட்டியிருக்கிறார்கள். வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைத்த அம்மாவும் இருக்கிறாள்! வாயில் விசில், நீட்டிய கைக்கு முன்னால் பெட்டிப்பாம்பாய் ஒரு லாரி. மழையில் நனைந்துகொண்டே நம்மைத் திட்டுவாளே, அதே முகம்.

பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்த சிறுமி கேட்டாள்: “பின்னால கைகோத்து நிக்கிறது யாரு ஆன்ட்டி?”

“நானும் என் தங்கச்சியும்.”

“அவங்க பாக்க வரலையா?”

“வருவா” என்றேன்.

வீட்டை விற்றதில் நமக்குள் வந்த சண்டையைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

கண்காட்சி முடிந்ததும் படம் நமக்குத்தானாம். இன்றே எடுத்துப் போகிறீர்களா என்றார் தலைமையாசிரியை. “வேணாம் டீச்சர், நாங்க ரெண்டு பேருமா வந்து வாங்கிக்கறோம்” என்று சொல்லிவிட்டேன்.

வந்துவிடுடி.

உன் அக்கா