பேனாவுக்காக நீட்டிய கை

என் அன்புச் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், முட்டிவலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது, கை நீளம், மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். போனில் என்றால் நான் அழுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது சொல்லாமலேயே போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் பேப்பர்காரர் வாசலில் நின்று, "அடுத்த மாசத்துலேர்ந்து பேப்பர் வேண்டாமாமே, மகன் வீட்டோட போறீங்களாமே" என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும். அண்ணன் கெட்டவன் இல்லை, எனக்கென்று ஓர் அறைக்குப் பெயிண்ட்கூட அடித்துவிட்டானாம். ஆனால் பேப்பர்காரரிடம் சொல்லத் தோன்றியவனுக்கு என்னிடம் கேட்கத் தோன்றவில்லை பார்.

உன் தாத்தா, அதான் என் மாமனார், அவர் காலம் உனக்கு ஞாபகம் இருக்காது. அவர் இருமினால் ரேடியோ நிற்கும். நர்ஸ் படித்துவிட்டு வந்த என்னை வேலைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்தது அவர்தான், மூன்று வருஷம் முடியாது என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் விட்டார், உன் அப்பா எனக்காக ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இந்தப் பெரியவர்கள் ராஜ்யம் எப்போது ஒழியும் என்று அடுப்படியில் நின்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன். அவர் படுக்கையில் விழுந்ததும் ஒழிந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிலைப் பின் அறைக்கு மாற்றினோம், நானும் அப்பாவும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார், இருமக்கூட இல்லை. இப்போது என் தலை நரைத்து என் முறை வருவதற்குள் வரிசையே கலைந்துவிட்டது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூச்சுத்திணறல் தொடங்கிய வாரமே அவர் என்னிடம், "தொண்டையில குழாய் எதுவும் வேணாம், நீ பக்கத்துல இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல எழுந்தேன். டாக்டர் அண்ணனைப் பார்த்தே பேசினார், அம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார், நான் அங்கேதான் நிற்கிறேன். அண்ணன் உனக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. அம்மா என்ன சொல்கிறாள் என்று நீயாவது கேட்பாய் என்று காத்திருந்தேனடி. நீ அழுதுகொண்டே, "சரிண்ணா, போடச் சொல்லு" என்றாய். குழாய் போடச் சம்மதம் கேட்கும் படிவம் வந்தபோது நான் பேனாவுக்குக் கையை நீட்டினேன், அந்த நர்ஸ் பெண், "நீங்க உட்காருங்கம்மா" என்று சொல்லிப் பேனாவை அண்ணனிடம் கொடுத்தாள். மூன்று நாள் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். குழாயைப் பிடுங்காமல் இருக்க அவர் கை இரண்டையும் கட்டியிருந்தார்கள். அந்தக் கையைப் பிடிக்காமலேயே அவரை அனுப்பிவிட்டேன். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பெண்ணை நான் திட்ட முடியாது. முப்பது வருஷ சர்வீஸில் நானும் அதையேதான் செய்தேன். என் வார்டில் ஒரு கிழவி, புருஷன் படிவத்துக்காக இப்படித்தான் கையை நீட்டினாள், தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து டம்ளரைக் கொடுத்துவிட்டு, பேனாவை அவள் மகனிடம் கொடுத்தேன். அவள் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது.

வீடு மாறுவதைப் பற்றி அண்ணன் இந்த வாரம் உன்னிடம் பேசுவான். போக மாட்டேன் என்று நான் அடம்பிடிக்கவில்லை, போனாலும் போவேன். அவன் சொல்லி முடித்ததும், அம்மாவைக் கேட்டாயா என்று மட்டும் நீ கேள், வேறு எதுவும் வேண்டாம். குழந்தைக்கு என் முத்தம். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையும் நீயும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நூறு வயது நன்றாக இருங்கள். அப்பா விஷயத்தில் என்னிடம் யாரும் வாங்காத கையெழுத்தை உனக்காக இங்கே போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா