மெத்தைக் கிடங்கில் ஒரு ராக் குழு

பிப்ரவரி 4

அண்ணனுக்குப் பாட வராது. இன்றும் இதை அவனிடம் சொல்லவில்லை. டிரம்ஸ்காரன் கண்ணாலேயே ‘சொல்லேன்’ என்றான். நான் பேஸ் கிடாரின் உறையை மடித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே மடித்தேன்.

பாட்டு எழுதுவது நான். கொலை செய்வது அவன். ஆனால் குழுவைத் தொடங்கியவன் அவன்தானே? வேலை போன பிறகு அவன் படுக்கையைவிட்டு எழுவதே இதற்காகத்தான்.

பிப்ரவரி 7

எங்கள் ஒத்திகை டிரம்ஸ்காரனுடைய மாமாவின் மெத்தைக் கிடங்கில். வாங்க வந்த ஒருவர் சும்மா படுத்துப் பார்த்தார். மூன்று பாட்டு முடிந்தும் எழவில்லை.

“பாத்தியா, நம்ம பாட்டு எவ்ளோ இதமா இருக்கு” என்றான் அண்ணன்.

பாட்டின் தலைப்பு ‘ஊரைக் கொளுத்து’.

மாமா அவரை எழுப்பி அந்த மெத்தையையே விற்றுவிட்டார். “தினமும் வாங்கடா” என்றார்.

பிப்ரவரி 11

டிரம்ஸ்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான். “பாட்டுப் போட்டி வெள்ளிக்கிழமை. நீ பாடு. உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அடிப்பான்.”

“நான் சொன்னா அழுவான்.”

“அடிக்கிறதவிட அது மோசமா?”

ஆமாம்.

பிப்ரவரி 12

சொல்லவில்லை.

பிப்ரவரி 15

மாமாவின் வேனில், டெலிவரிக்குப் போகவேண்டிய மெத்தைகளோடு போட்டிக்குப் போனோம். அரங்கம் வெறும் சிமெண்டு. அண்ணன் முதல் வரியை எடுத்தான். குரல் சுவரில் மோதி அவனிடமே திரும்பியது. பாதியில் நிறுத்தி, மைக்கிலேயே, “யாருடா அது?” என்றான்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வீட்டில் அம்மா அவனைப் பாடவிட்டதில்லை; கிடங்கில் மெத்தைகள் குரலைக் குடித்துவிட்டன. அவன் தன் பாட்டைக் கேட்டதே இல்லை.

வெளியே ஓடினான். போய்விட்டான் என்றே நினைத்தேன். ஒரு மெத்தையைத் தலைமேல் சுமந்துகொண்டு திரும்பி வந்தான். சுவரோடு நிறுத்தினான். பாடினான். அதே குரல். அடுத்த மெத்தைக்குப் புறப்பட்டான். கூட்டம் இதையும் நிகழ்ச்சியென்று எண்ணிக் கைதட்டியது. ஒரு நடுவர் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்.

வேன் காலியானதும் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றான்.

“உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“முதல்லேர்ந்தே.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“எப்படிண்ணா சொல்றது?”

மைக்கை என் உயரத்துக்கு இறக்கினான்.

பிப்ரவரி 16

நேற்று நான்தான் பாடினேன். பரிசு கிடைக்கவில்லை. பாட்டு முடியும்வரை அண்ணன் மெத்தைகள் என்மேல் சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.